ஆள் இல்லாத கோஷ்டி ஆட்டத்துக்குத் தயாரானது எப்படி?

அமெரிக்காவில் ஹண்டிங்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹாயோ நதியின் கரையில் உள்ள ஊர். ஆற்றைத் தாண்டினால் ஒஹாயோ மாநிலம். மேற்கே கொஞ்ச தூரம் போனால் கென்டக்கி மாநிலம். 1970ல் எடுத்த கணக்குப்படி அங்கே ஜனத்தொகை சுமார் 74 ஆயிரம்.

இந்த ஊரில் மார்ஷல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1837ல் சிறு பள்ளிக்கூடமாகத் தொடங்கி, கல்லூரியாக வளர்ந்து, 1961ல் பல்கலைக்கழகம் ஆனது.

1971ம் ஆண்டு செப்டம்பர் 25ந் தேதி, சனிக்கிழமை. அன்று மார்ஷல் கால்பந்து கோஷ்டி, சொந்த ஊரில் அந்த ஆண்டின் முதல் ஆட்டத்தை ஆடியது. அது கோப்பைக்கான ஆட்டம் அல்ல. பரிசுப் பணமும் கிடையாது. எதிர்த்து ஆடிய சேவியர் பல்கலைக்கழகக் கோஷ்டி, நாடறிந்த பெரிய கோஷ்டியும் அல்ல.

ஆனால் அந்த ஓர் ஆட்டத்துக்காக ஊரே பத்து மாதம் காத்திருந்தது. காரணம், அந்தப் பத்து மாதத்துக்கு முன்பு மார்ஷல் கோஷ்டி ஒரே இரவில் இல்லாமல் போய்விட்டது.

கையில் ஓடும் கால்பந்து

அமெரிக்காவில் கால்பந்து என்றால் நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. பெயரில்தான் கால் இருக்கிறது. பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பந்தும் உருண்டை அல்ல; இரு முனையும் கூராக, பெரிய மாங்கொட்டை மாதிரி இருக்கும்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் 6 புள்ளி. அதற்கு 'டச்டவுன்' என்று பெயர். அதைப் போட்டதும் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால், கூடுதலாக ஒரு புள்ளி. டச்டவுன் போட முடியாதபோது, தூரத்தில் இருந்தே பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பலாம். அதற்கு 3 புள்ளி.

பந்தோடு ஓடுகிறவரை எதிரிகள் பாய்ந்து பிடித்துக் கீழே தள்ளலாம். சடுகுடு ஆட்டத்தில் பாடிக்கொண்டு போகிறவரை மடக்கிப் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பந்து வைத்திருக்கும் கோஷ்டிக்கு நான்கு தடவை சந்தர்ப்பம். அதற்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு தடவை. முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும்.

ஒவ்வொரு தடவையும் என்ன செய்வது என்பது முன்கூட்டியே வகுத்த ஏற்பாடு. ஒவ்வோர் ஏற்பாட்டுக்கும் ஓர் எண், ஒரு பெயர் உண்டு. 11 பேரும் அதை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். ஒருவர் மறந்தாலும் மற்ற பத்துப் பேரின் உழைப்பு வீண். ஆகவே இந்த ஆட்டத்தில், புதிய ஆட்களைச் சேர்த்த மறுநாளே களத்தில் இறக்கிவிட முடியாது.

அங்கே கல்லூரிக் கோஷ்டிகள் செப்டம்பரில் தொடங்கி, நவம்பர் வரை சனிக்கிழமைதோறும் ஆடும். சொந்த ஊரில் முதல் ஆட்டம் என்றால், அது நம் ஊர்த் தேர்த் திருவிழா மாதிரி. வெளியூர் போனவர்கள் திரும்பி வருவார்கள். பழைய மாணவர்கள் பிள்ளை குட்டிகளோடு வருவார்கள். வாத்திய கோஷ்டி முழங்கும். கல்லூரியின் நிறத்திலேயே சட்டை போட்டுக்கொண்டு கூட்டம் திரளும். மார்ஷலின் நிறம் பச்சையும் வெள்ளையும்.

நவம்பர் 14ந் தேதி இரவு

மார்ஷல் கோஷ்டிக்கு 'தண்டரிங் ஹெர்டு' என்று பெயர். இடி இடிப்பது போல் குளம்பொலி எழுப்பி ஓடும் மந்தை என்று அர்த்தம். அமெரிக்கக் காட்டெருமைதான் அவர்கள் சின்னம்.

பெயருக்கு ஏற்றபடி கோஷ்டி ஓடவில்லை. 1960க்குப் பிந்திய ஆண்டுகளில், தொடர்ந்து 27 ஆட்டங்களில் அதற்கு வெற்றியே கிடையாது. ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதில் விதி மீறல் நடந்தது என்று 1969ல் அதன் போட்டிச் சங்கமும் அதை விலக்கி வைத்தது. தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று ஊரார் துடித்துக்கொண்டு இருந்த காலம் அது.

1970 நவம்பர் 14ந் தேதி, சனிக்கிழமை. வட கரோலினா மாநிலத்தில் உள்ள கிரீன்வில் நகரில், கிழக்கு கரோலினா பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். 17க்கு 14 என்ற கணக்கில் மார்ஷல் தோற்றது.

அன்று மாலை கோஷ்டி ஊருக்குத் திரும்பியது. மார்ஷல் கோஷ்டி வழக்கமாக ஆகாய விமானத்தில் போவதில்லை. பெரும்பாலான வெளியூர் ஆட்டங்கள் பஸ்ஸில் போகும் தூரத்திலேயே நடக்கும். இந்த ஆட்டத்துக்காகத்தான் சதர்ன் ஏர்வேஸ் கம்பெனியின் டி.சி.9 ரக ஜெட் விமானத்தை வாடகைக்கு அமர்த்தினார்கள்.

ஹண்டிங்டன் அருகே மழை, மூடுபனி. மலை உச்சியைச் சமப்படுத்திக் கட்டிய விமான நிலையம் அது. விமானம் சரியான சரிவில் இறங்குகிறதா என்று விமானிக்குக் காட்டும் கருவி அங்கே அப்போது கிடையாது. இரவு ஏழரை மணிக்குச் சற்றுப் பிறகு, ஓடுபாதைக்கு ஒரு மைல் முன்னதாகவே விமானம் மரங்களின் உச்சியில் மோதியது. மலைச் சரிவில் விழுந்து தீப்பற்றியது.

விமானத்தில் 75 பேர் இருந்தார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை.

ஆட்டக்காரர்கள் 37 பேர். தலைமைப் பயிற்சியாளர் ரிக் டாலி உள்பட, பயிற்சிக் குழுவைச் சேர்ந்தவர்கள் 8 பேர். கோஷ்டிக்குத் துணையாக உடன் சென்ற ஊர்ப் பிரமுகர்களும் ஆதரவாளர்களும் 25 பேர். விமானச் சிப்பந்திகளும் விமானக் கம்பெனி ஆளுமாக 5 பேர்.

போனவர்களில் ஊரின் டாக்டர்கள் இருந்தார்கள். வியாபாரிகள் இருந்தார்கள். கணவனும் மனைவியுமாகப் போன தம்பதிகளும் இருந்தார்கள். தாயையோ தந்தையையோ இழந்த குழந்தைகள் 70 பேர். அவர்களில் 18 குழந்தைகளுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை.

விமானம் தாழக்கூடாத உயரத்துக்குக் கீழே தாழ்ந்துவிட்டது என்று பிற்பாடு விசாரணைக் குழு சொன்னது. விமானிகள் கருவிகளைச் சரியாகப் பார்க்காதது காரணமாக இருக்கலாம். உயரம் காட்டும் கருவியின் கோளாறாகவும் இருக்கலாம் என்று குழு எழுதியது. இரண்டில் எது என்று அதனாலும் அறுதியிட முடியவில்லை.

ஆட்டக்காரர்களில் 6 பேரின் உடல்களை அடையாளம் காணவே முடியவில்லை. அந்த ஆறு பேரையும் ஊருக்கு மேலே உள்ள ஸ்பிரிங் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அருகருகே அடக்கம் செய்தார்கள்.

தப்பியவர்கள்

ஒரு சிலர் அந்த விமானத்தில் ஏறவில்லை.

நேட் ரஃபின் என்ற ஆட்டக்காரருக்குக் கையில் காயம். அதனால் ஊரிலேயே தங்கிவிட்டார். இன்னோர் ஆட்டக்காரர் தந்தை இறந்ததால் டெக்ஸாஸ் மாநிலத்துக்குப் போயிருந்தார்.

உதவிப் பயிற்சியாளர் வில்லியம் டாசன். தலைமுடி சிவப்பாக இருந்ததால் 'ரெட்' டாசன் என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். புது ஆட்டக்காரர்களைத் தேடுவதற்காக, அன்று அவர் இன்னொரு பயிற்சியாளரோடு மோட்டார் காரில் கிளம்பினார். வழியில் கார் ரேடியோவில் செய்தி வந்தது.

டாசன் ஊருக்குத் திரும்பினார். அந்த ஆட்டக்காரர்களில் பலரைச் சேர்த்தவரே அவர்தான். 'உங்கள் பிள்ளையை எங்களிடம் அனுப்புங்கள்' என்று பெற்றோர்களின் வீட்டுக்கே போய்க் கேட்டவர், இப்போது இறுதிச் சடங்குகளுக்காக வீடு வீடாகப் போனார்.

முதலாண்டு மாணவர்கள் தப்பினார்கள். அந்தக் காலத்து விதிப்படி, அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் பிரதான கோஷ்டியில் ஆடக்கூடாது. அவர்களுக்கென்று தனிக் கோஷ்டி உண்டு. ஆகவே அவர்கள் கிரீன்வில் போகவில்லை. அவர்களில் ஒருவர் ரெஜி ஆலிவர். அலபாமா மாநிலம் டஸ்கலூசா நகரத்துப் பையன். அவரைப் பற்றிப் பிறகு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆடுவதா, வேண்டாமா?

1970ம் ஆண்டில் மீதி இருந்த ஓர் ஆட்டத்தை ரத்து செய்தார்கள். அடுத்த கேள்வி எழுந்தது: இனிமேல் மார்ஷலில் கால்பந்து உண்டா, இல்லையா?

வேண்டாம் என்றவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குப் பச்சைச் சட்டையைப் பார்த்தாலே நெஞ்சு வெடிக்கும். அதே நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு பையன்கள் ஓடுவதை அவள் எப்படிப் பார்ப்பாள்? பணம் ஏது, ஆள் ஏது என்று கேட்டவர்களும் உண்டு.

ஆட வேண்டும் என்றவர்களுக்கும் நியாயம் இருந்தது. உயிர் தப்பிய ஆட்டக்காரர்களே முன்னால் நின்று கேட்டார்கள். ரஃபின் அவர்களில் முக்கியமானவர். ஆட்டத்தை மூடிவிட்டால், இறந்தவர்கள் எதற்காக உழைத்தார்களோ அதுவும் அவர்களோடு போய்விடும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

கடைசியில் 'ஆடுவோம்' என்று முடிவாயிற்று. அப்போது பல்கலைக்கழகத்தின் தற்காலிகத் தலைவராக இருந்தவர் டொனால்ட் டெட்மன்.

முடிவு செய்வது சுலபம். பயிற்சியாளர் வேண்டுமே! யார் வருவார்கள்? வர ஒப்புக்கொண்ட ஒருவரும், சில நாளில் மனம் மாறிப் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்.

ஒஹாயோ மாநிலத்தில் வூஸ்டர் என்ற சிறு கல்லூரியில் பயிற்சியாளராக இருந்தவர் ஜாக் லெங்கியல். பெரிய கோஷ்டிகளை நடத்திப் புகழ் பெற்றவர் அல்ல. ஆனால் அவராகவே முன்வந்தார். 1971 மார்ச்சில் அவரை நியமித்தார்கள்.

டாசனைத் தம்முடன் இருக்கும்படி லெங்கியல் கேட்டுக்கொண்டார். டாசனுக்கு மனம் இல்லை. கண்ணை மூடினால் பழைய முகங்கள். ஆனாலும், கோஷ்டி மறுபடி காலூன்றும் வரை ஓர் ஆண்டு இருப்பதாக ஒப்புக்கொண்டார்.

விதி வளைந்தது

ஆட்டக்காரர்களுக்கு எங்கே போவது?

பழைய பிரதான கோஷ்டியில் மிஞ்சியவர்களை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். ஆலிவர் போன்ற முதலாண்டு மாணவர்கள் இப்போது இரண்டாம் ஆண்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களையும் சேர்த்தால்கூடக் கோஷ்டி தேறாது. பள்ளிக்கூடம் முடித்துப் புதிதாகச் சேரும் பையன்கள் வேண்டும். ஆனால் அவர்களோ முதலாண்டு மாணவர்கள். விதி குறுக்கே நின்றது.

தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்குப் பல்கலைக்கழகம் மனுச் செய்தது. சங்கம் யோசித்து, மார்ஷலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. முதலாண்டு மாணவர்களும் ஆடலாம்!

சலுகைதான். ஆனால் அதில் ஆபத்தும் இருந்தது. 18 வயதுப் பையனுக்கும் 22 வயது வாலிபனுக்கும் உடம்பில் எவ்வளவு வித்தியாசம்! அதுவும், ஆளை ஆள் முட்டித் தள்ளும் ஆட்டம் இது. நேற்றுவரை பள்ளிக்கூட மைதானத்தில் ஆடிய பையன், முரட்டுக் காளை மாதிரி வளர்ந்தவனை எதிர்த்து நிற்க வேண்டும். அந்த விதியே ஒருவகையில் பையன்களைக் காப்பாற்றுவதற்காக இருந்ததுதான்.

அப்படியும் ஆள் போதவில்லை. லெங்கியல் மற்ற ஆட்டங்களின் பக்கம் திரும்பினார். கூடைப்பந்து ஆடியவர்கள் வந்தார்கள். பட்டாளத்தில் சேவை முடித்துவிட்டுப் படிக்க வந்தவர்களும் வந்தார்கள். உபகாரச் சம்பளம் எதுவும் இல்லாமல், 'நானும் ஆடிப் பார்க்கிறேன்' என்று தாமாக வந்த மாணவர்களும் உண்டு.

கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்ப ஒருவர் வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு பிளேக் ஸ்மித் என்ற மாணவர் கிடைத்தார். அவர் ஆடிக்கொண்டு இருந்தது நம் ஊர்க் கால்பந்து! உருண்டைப் பந்தை உதைத்த காலுக்கு, கூரான பந்தை உதைக்கப் பழக்கினார்கள்.

இந்தக் கோஷ்டிக்கு லெங்கியல் புதுப் பெயர் வைத்தார்: 'இளம் தண்டரிங் ஹெர்டு'. பெயரில் 'இளம்' என்பதைச் சேர்த்தது பொருத்தம்தான். பல பேருக்கு அப்போதுதான் மீசை அரும்பி இருந்தது.

பக்கத்துக் கல்லூரி தந்த பாடம்

முதலில் லெங்கியல், ஆள் பலத்தை நம்பும் ஆட்ட முறையைப் பழக்கிப் பார்த்தார். முன்வரிசை ஆட்கள் எதிரிகளை முட்டி ஒதுக்க, பந்து வைத்திருப்பவர் நடுவே புகுந்து ஓடும் முறை. பயிற்சி தொடங்கியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. முட்டித் தள்ள இந்தப் பையன்களிடம் எடை இல்லை.

என்ன செய்வது? பலம் இல்லாதவன் தந்திரத்தைத்தான் தேட வேண்டும்.

அப்போது 'வீர்' என்ற ஒரு முறை பேர்பெற்று வந்தது. கோஷ்டியை நடத்தும் ஆட்டக்காரருக்கு 'குவார்ட்டர்பேக்' என்று பெயர். 'வீர்' முறையில் அவர் கையில் பந்து வந்ததும் மூன்று வழி இருக்கும். பக்கத்தில் பாய்ந்து ஓடுகிறவரிடம் கொடுக்கலாம். கொடுப்பது போல் பாசாங்கு செய்துவிட்டுத் தாமே எடுத்துக்கொண்டு ஓடலாம். ஓடிக்கொண்டே, பின்னால் வருகிறவருக்குத் தூக்கிப் போடலாம்.

எதைச் செய்வது என்று முன்கூட்டி முடிவு கிடையாது. எதிரி எந்தப் பக்கம் பாய்கிறான் என்று பார்த்து, கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். அவன் இந்தப் பக்கம் வந்தால் பந்து அந்தப் பக்கம். ஆகவே சில எதிரிகளை முட்டித் தடுக்கவே வேண்டாம். அவர்களே ஏமாந்து விலகிவிடுவார்கள். எடை குறைந்த கோஷ்டிக்கு இதைவிட ஏற்ற முறை இல்லை.

இந்த முறையை அறிந்தவர்கள் அதே மாநிலத்தில் இருந்தார்கள். மார்கன்டவுன் நகரில் உள்ள மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பாபி பௌடன். பிற்காலத்தில் ஃபுளோரிடாவில் பெரும்புகழ் பெற்றவர்.

பொதுவாக ஒரு கோஷ்டியின் ஆட்ட ஏற்பாடுகள் பரம ரகசியம். சமையல்காரர் கைப்பக்குவம் மாதிரி, வெளியே சொல்லமாட்டார்கள். ஆனால் லெங்கியலும் அவருடைய உதவியாளர்களும் கேட்டபோது, பௌடன் கதவைத் திறந்துவிட்டார். ஆட்டப் படங்களைப் போட்டுக் காட்டினார். ஏற்பாடுகளைச் சொல்லிக் கொடுத்தார். விபத்து நடந்தபோது அவருடைய ஆட்டக்காரர்கள் தங்கள் தலைக்கவசத்தில் சிலுவையும் மார்ஷலின் எழுத்துக்களும் போட்டுக்கொண்டு ஆடினார்கள். அண்டை வீட்டுத் துக்கத்தை அவர்கள் தங்கள் துக்கமாகவே நினைத்தார்கள்.

பாடம் கிடைத்தது. அதைப் படிக்க வேண்டுமே! 'வீர்' முறை பார்க்க எளிது, பழகக் கடினம். குவார்ட்டர்பேக்கின் கையும், பக்கத்தில் பாய்கிறவரின் வயிறும் சரியான கணத்தில் சந்திக்க வேண்டும். அரைக் கணம் தப்பினால் பந்து தரையில் உருளும். கீழே விழுந்த பந்தை யார் எடுத்தாலும் அவர்களுக்கே. இதை முழுக்க முழுக்கப் பழக்கத்தால்தான் கொண்டுவர முடியும். சமையலறையில் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே பாத்திரம் கைமாற்றுவார்களே, அந்த மாதிரி பழக்கம்! அதற்கு ஆண்டுக்கணக்கில் பழகிய கைகள் வேண்டும். லெங்கியலிடம் இருந்ததோ ஒரு கோடைக்காலம்.

ரெஜி ஆலிவர் குவார்ட்டர்பேக் ஆனார். கையில் பந்து வாங்கி ஓடும் முக்கிய ஆட்டக்காரர்களில் ஒருவர் டெரி கார்ட்னர். நேட் ரஃபின் கோஷ்டித் தலைவர்களில் ஒருவர். பழைய கோஷ்டியை நேரில் அறிந்தவர் என்பதால், புதுப் பையன்களுக்கு அவர் அண்ணன் மாதிரி.

முதல் அடி

1971 செப்டம்பர் 18ந் தேதி. முதல் ஆட்டம் சொந்த ஊரில் அல்ல. கென்டக்கி மாநிலத்தில் உள்ள மோர்ஹெட் கல்லூரியில்.

மோர்ஹெட் கோஷ்டி 29 புள்ளி. மார்ஷல் 6.

பெருந்தோல்விதான். ஆனாலும் அந்த 6 புள்ளியைக் கவனிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பு 11 பேரை நிறுத்தவே வழியில்லாத கோஷ்டி, ஒரு டச்டவுன் போட்டிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமைக்கு ஏழே நாள். தோற்றுத் திரும்பிய பையன்கள் இப்போது சொந்த ஊர் ஜனங்களின் முன்னால் நிற்க வேண்டும். வெளியூரில் தோற்றால் பத்திரிகையில் நாலு வரி வரும். சொந்த ஊரில், பார்க்க வருகிறவர்கள் யார்? போன வருஷம் இதே மைதானத்தில், இதே பச்சைச் சட்டையில் தங்கள் பிள்ளைகளைப் பார்த்தவர்கள்.

சொந்த மைதானத்தில்

மைதானத்தின் பெயர் ஃபேர்ஃபீல்டு. செப்டம்பர் 25ந் தேதி அங்கே கூட்டம் திரண்டது. எதிர்த்து வந்தது ஒஹாயோ மாநிலம் சின்சினாட்டி நகரத்துச் சேவியர் கோஷ்டி. சேவியர்தான் ஜெயிக்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு.

முதலில் புள்ளி எடுத்தது மார்ஷல்! உருண்டைப் பந்து ஆடிய பிளேக் ஸ்மித் உதைத்த பந்து, கம்பங்களுக்கு நடுவே போயிற்று. 3 புள்ளி.

பிறகு ஆட்டம் மாறி மாறிப் போயிற்று. சேவியர் முந்தியது. மார்ஷல் ஒரு டச்டவுன் போட்டது. சேவியர் மறுபடியும் முந்தியது. கடைசிக் கட்டத்தில் சேவியர் 13, மார்ஷல் 9.

ஒன்றரை நிமிஷம்கூட மீதி இல்லை. பந்து மார்ஷலிடம் வந்தது. டச்டவுன் ஒன்றுதான் வழி. 3 புள்ளி உதையால் பயன் இல்லை.

ஆலிவர் பந்தை எறிந்து எறிந்து கோஷ்டியை முன்னேற்றினார். எல்லைக் கோட்டுக்கு இன்னும் 13 கெஜம். கடிகாரத்தில் சில விநாடிகள். ஒரே ஒரு தடவைக்குத்தான் நேரம் இருந்தது.

மார்ஷல் எடுத்த ஏற்பாட்டுக்கு '213 பூட்லெக் ஸ்கிரீன்' என்று பெயர். அது ஒரு பாசாங்கு. பந்தை வாங்கிய ஆலிவர் ஒரு பக்கமாக ஓடினார். எதிரிகள் எல்லோரும் அவர் மேல் கண்ணாக, அந்தப் பக்கமே பாய்ந்தார்கள். அதே சமயம் டெரி கார்ட்னர் சந்தடி இல்லாமல் மறுபக்கம் நழுவினார். அவருக்கு முன்னே தடுப்பாட்டக்காரர்கள் திரை மாதிரி நின்றார்கள்.

ஓடிக்கொண்டிருந்த ஆலிவர் சட்டென்று திரும்பி, பந்தை மறுபக்கம் எறிந்தார்.

கார்ட்னர் பிடித்தார். ஓடினார். எதிரில் வந்தவனைத் தடுப்பாட்டக்காரர் முட்டித் தள்ளினார். கார்ட்னர் கோட்டைத் தாண்டினார்.

கடிகாரத்தில் நேரம் முடிந்திருந்தது. மார்ஷல் 15, சேவியர் 13!

ஜனங்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். ஆட்டக்காரர்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆட்டம் முடிந்து வெகுநேரம் ஆகியும் வீட்டுக்குப் போக மனம் வராமல் நின்றவர்கள் பல பேர்.

பிறகு நடந்தவை

கதையாக இருந்தால், அதற்குப் பிறகு மார்ஷல் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தது என்று எழுதலாம். நடந்தது அப்படி அல்ல. அந்த ஆண்டு ஆடிய 10 ஆட்டங்களில் 8ல் தோல்வி. சேவியரைத் தவிர, பௌலிங் கிரீன் கோஷ்டியை மட்டும் 12க்கு 10 என்று ஜெயித்தார்கள். அதுவும் சொந்த மைதானத்தில்தான்.

சொன்ன சொல்படி ஓர் ஆண்டு இருந்துவிட்டு, டாசன் பயிற்சித் தொழிலையே விட்டு விலகினார். லெங்கியல் 1974 வரை மார்ஷலில் இருந்தார். அவர் காலத்தில் தோல்விகள்தான் அதிகம். ஆனால் ஹண்டிங்டனில் அவர் பெயரைச் சொன்னால், தோல்விக் கணக்கை யாரும் எடுப்பதில்லை. சேவியர் பல்கலைக்கழகம் 1973ம் ஆண்டோடு கால்பந்தையே நிறுத்திவிட்டது. ஆள் எல்லாம் இருந்த கோஷ்டி மூடப்பட்டது. ஆள் இல்லாத கோஷ்டி இன்றும் ஆடுகிறது!

மார்ஷல் ஜெயிக்கும் கோஷ்டியாக மாறப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 1984ல்தான், தோல்வியைவிட வெற்றி அதிகம் என்ற நிலை வந்தது. 1992லும் 1996லும் அது தன் பிரிவில் தேசிய சாம்பியன் ஆயிற்று. 2006ல் இந்தக் கதையை ஹாலிவுட்டில் சினிமாவாக எடுத்தார்கள். சில சம்பவங்களைக் கூட்டியும் சிலரைக் கற்பனையாகச் சேர்த்தும் இருக்கிறார்கள். ஆனால் கடைசிப் பந்தைக் கற்பனை செய்ய அவர்களுக்கு அவசியம் ஏற்படவில்லை.

பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு நினைவு நீரூற்று இருக்கிறது. 1972 நவம்பரில் திறந்தார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 14ந் தேதி அங்கே கூடி, இறந்த 75 பேரின் பெயர்களையும் வாசிக்கிறார்கள். பிறகு நீரூற்றை நிறுத்துகிறார்கள். குளிர்காலம் கழிந்து, வசந்தம் வந்தால்தான் அதில் மறுபடியும் தண்ணீர் வரும்.

நேட் ரஃபின் 2001ல் காலமானார். அவரை ஸ்பிரிங் ஹில் தோட்டத்தில், அடையாளம் தெரியாத ஆறு பேரின் அருகில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.